பக்கத்து இருக்கை பிரேக்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசியதையே எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ எதைக் கேட்டாலும் என் வாய் தன்பாட்டுக்குச் சரிம்மா என்று சொல்லிவிடுகிறது. வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிக்கிறேன். எழுதினால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அப்பா. அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் அடித்த வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் திரும்பவில்லை. இடது கையும் இடது காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒவ்வொரு தடவையும் தட்டிப் பார்த்துவிட்டு, பலம் இருக்கும்மா, அவருக்குத்தான் மனசு இல்லை என்கிறாள். கையில் ஸ்பூனைக் கொடுத்தால் மடியில் விழுகிறது. எடுத்து நானே ஊட்டுகிறேன். கண்கள் திறந்திருக்கின்றன, ஆனால் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்க்கிறார். அந்தச் சுவரில் பார்க்க எதுவும் இல்லை. நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறேன். அழுகை வருவதில்லை. பால் பொங்கி வழிந்தால் நின்று பார்க்கிறேன், அப்புறம் துடைக்கிறேன். கவலைப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

நீ அனுப்பிய பராமரிப்பு இல்லத்தின் படங்களைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. ஜன்னல்கள் பெரியவை. மாதக் கடைசியில் ஓர் இடம் காலியாகிறது, அதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அப்பாவுக்கு எதுவும் தெரியலைம்மா, எங்கே இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான், உன்னையாவது காப்பாத்திக்கோ என்று சொல்லிவிட்டு நீ அழுதாய். நீ கல்நெஞ்சக்காரி என்று நான் நினைக்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு தவிக்கிறாய், அவ்வளவுதான். அவர் உள்ளே இல்லை என்று எனக்கும் தோன்றுகிறது. இல்லை என்று உன்னோடு சண்டை போட என் கையில் எதுவும் இல்லை.

இனி கார் விஷயம். புதுசா ஒரு சின்னக் கார் வாங்கிக்கோ, இல்லத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்துட்டு வர உனக்கு ஒருத்திக்கு அது போதும் என்றாய். அதற்கும் சரிம்மா சொன்னேன். ஆனால் ஷோரூமுக்குப் போனதும் சின்னக் கார்கள் நிற்கிற வரிசையைத் தாண்டிப் போய், நடுத்தர செடான்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டேன். ஏன் என்று கேட்காதே. கால் அங்கே போனது. விற்பனையாளர் வந்து, வீட்ல எத்தனை பேர் மேடம் என்று கேட்டார். விரலை மடக்கி எண்ணப் பார்த்தேன். இரண்டு என்பதா, ஒன்று என்பதா? அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, எண்ண முடியாத அளவுக்குப் பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பின் சீட்டின் அகலத்தைக் காட்டப் போய்விட்டார்.

அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். வீட்டில் தனியாக விட முடியாதே. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, சக்கர நாற்காலி டிக்கியில் போகிறதா என்று அங்கேயே வைத்துப் பார்த்தோம். நீலக் காரில் ஒரு சக்கரத்தைக் கழற்றினால்தான் மூட முடிந்தது. வெள்ளைக் காரில் சுளுவாகப் போய்விட்டது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். முன் கதவுதான் அகலம் என்பதால் அப்பாவை என் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டார்கள். விற்பனையாளர் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கார் எதற்கெடுத்தாலும் கீச் கீச் என்கிறது. பெல்ட் போடாவிட்டால் கீச். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கீச். நம் வீட்டில் அந்த வேலையை உன் அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் விற்பனையாளர் குனிந்து அப்பாவின் காலடியில் சுருண்டு கிடந்த கால்மிதி மேட்டை இழுத்து நேராக்கினார். நீலக் காரிலும் அப்படித்தான், வெள்ளைக் காரிலும் அப்படித்தான். இன்னும் சரியா மாட்டலை மேடம், வழுக்குது என்று அவரே மன்னிப்புக் கேட்டார். பார்க்கப்போனால் புதுக் காரில் இது ஒரு குறை.

அப்பா ஒரு நாளும் புது வண்டி வாங்கியதில்லை, உனக்குத் தெரியும். புது வண்டியில விழற முதல் கீறலுக்கு நெஞ்சு வலிக்கும், பழைய வண்டின்னா அந்த வலியை வேற யாராவது பட்டு முடிச்சிருப்பாங்க என்பார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர் வேறு எப்படிப் பேசுவார்! தினமும் யாராவது ஒரு புது ஆள் அவர் வண்டியை எதன் மேலாவது உரசிக்கொண்டுதானே வந்தார்கள். நீங்கள் வந்து அந்த வண்டிகளை விற்றுவிட்டுப் போனது நல்லதுதான். வாசல் வெறிச்சென்று இருக்கிறது, பெருக்க வசதியாக இருக்கிறது.

எதிர்க்கடை மாஸ்டர் நேற்று வந்திருந்தார். ஞாபகம் இருக்கிறதா? அப்பாவிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு, அப்பாவுக்கு எதிரிலேயே டிரைவிங் ஸ்கூல் திறந்தாரே, அவர்தான். அப்பா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். போதாக்குறைக்கு, நானும் கடைசியில் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். உன் அப்பாவிடம் இரண்டே வகுப்புதான். தெருமுனையில் சண்டை வந்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். பிறகு சத்தம் போடாமல் எதிர்க்கடையில் கற்று, லைசென்ஸை அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போது, கடைசி நாள் அவன் பின் சீட்ல உட்கார்ந்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படின்னா ஒழுங்காத்தான் சொல்லிக் கொடுத்திருக்கான் என்றார்.

அது அப்பாவின் வழக்கம். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்குமில்லையா, கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. எல்லா வகுப்பிலும் அதன் மேலேயே காலை வைத்திருப்பவர், கடைசி வகுப்பில் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விடுவார். இனிமே உன் பக்கத்துல பிரேக் இல்லை, பார்த்துப் போ என்பார். உனக்கும் சொன்னார். நீ பயத்தில் முதல் கியரிலேயே மார்க்கெட் வரை போனாய்.

மாஸ்டர் ஒரு செடானை விற்கிறாராம். பெரிய வண்டி பழக வருகிறவர்களுக்காக வைத்திருந்தது. வந்து பாருங்கக்கா, பிடிக்கலைன்னா விட்டுடுங்க என்றார். போய்ப் பார்ப்பேன். புதியதா பழையதா என்று நீயே சொல்லிவிடு, இல்லத்துக்கும் நீயே ஒரு பதிலைச் சொல்லிவிடு. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா.


அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். உன் பதில் வந்தது. புதியதே எடு, அந்த வெள்ளைக் காரையே எடு, இல்லத்துக்கு இந்த வாரக் கடைசியில் சம்மதம் சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. கோபப்படாமல் கடைசி வரை படி.

எதிர்க்கடை மாஸ்டரின் செடானை வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம். ஸ்கூல் பெயரை ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வெயில் படாமல் பளிச்சென்று இருப்பதால், ஸ்டிக்கரை உரித்த பிறகும் பெயரை அப்படியே படிக்கலாம். அப்பாவின் போட்டிக்காரர் பெயரோடு நாம் ஊரைச் சுற்ற வேண்டும். கியர் தலையில் எண்கள் தேய்ந்து போயிருக்கின்றன. கிளட்ச் மட்டும் புதிது. டிக்கியில் சக்கர நாற்காலி போக, ஒரு பெட்டி வைக்கவும் இடம் இருக்கிறது.

ஓட்டிப் பார்க்கப் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். அப்பா என் பக்கத்தில், மாஸ்டர் பின்னால். அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டாவது பிரேக்கை வண்டி கொடுக்கறதுக்கு முன்னாடி கழட்டிடறேன்க்கா என்று மாஸ்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் மெதுவாகத்தான் போனேன். ஒரு வேன் நின்றிருந்தது. அதைத் தாண்டும்போது அதன் மறைவிலிருந்து ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. கார் நின்றது. உதறிக்கொண்டு, இன்ஜின் அணைந்து, நின்றுவிட்டது. சைக்கிள்காரர் என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

மாஸ்டர்தான் நிறுத்தினார் என்று நினைத்து அவருக்கு நன்றி சொன்னேன். நான் இல்லைக்கா, நான் பின்னாடிதானே உட்கார்ந்திருக்கேன் என்றார். என் காலைக் குனிந்து பார்த்தேன், அது ஆக்ஸிலரேட்டர் மேலேயே இருந்தது. அப்புறம் அந்தப் பக்கம் பார்த்தேன். அப்பாவின் இடது கால் பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டு இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் தெரு கடந்து போகிறவரை பார்த்துவிட்டு அப்புறம்தான் காலை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த மேட் ஞாபகம் வந்தது. புதுக் கார்களில் அது வழுக்கவில்லை. அங்கே பிரேக் இல்லாத இடத்தில் அவர் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். நானும் விற்பனையாளரும் மேட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிரேக்கைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ பதறுவாய் என்று தெரியும். மாஸ்டரும் பதறினார். அதனால் ஒரு கொக்கி வைத்துக் கொடுத்திருக்கிறார். அதை மாட்டிவிட்டால் அப்பா மிதித்தாலும் வண்டி நிற்காது, பெரிய ரோட்டுக்குப் போகும்போது மறக்காம மாட்டிடுங்கக்கா என்று படித்துப் படித்துச் சொன்னார்.

முந்தாநாள் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போக, கொக்கியை மாட்டிக்கொண்டு பெரிய சாலையில் போனேன். ஒரு பஸ் எங்கள் முன்னால் ஒடித்துக்கொண்டு வந்தது. அப்பா மிதித்தார். வண்டி நிற்கவில்லை. நானே நிறுத்திவிட்டேன், அது வேறு விஷயம். ஆனால் தன் கால் வேலை செய்யவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, என்னை. கோபம். கொலைக் கோபம். தெருமுனையில் நான் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தேனே, அன்றைக்குப் பார்த்த அதே முகம். வாய் மட்டும் திறந்திருந்தால் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருப்பார்.

வண்டியை ஓரங்கட்டினேன். குனிந்து அந்தக் கொக்கியைக் கழற்றினேன். அப்படியே ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன், மகளே. எத்தனை நேரம் என்று தெரியாது. அப்பாவுக்கு இப்படி ஆன பிறகு நான் அழுவது அதுதான் முதல் தடவை. வலித்தது. வலிக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்தது. பிறகு உள்தெருக்கள் வழியாகவே சுற்றிச் சுற்றிப் போனோம். நாங்கள் போவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். இனிமேல் பெரிய சாலைக்குப் போகும்போது கொக்கியை மாட்டத்தான் வேண்டும், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு மாட்டுவேன்.

பெரிதாக எதுவும் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பேச்சு இல்லை. ஸ்பூன் இன்னும் விழுகிறது. வீட்டுக்குள் வந்தால் மறுபடியும் சுவர்தான். நானும் பாதி நேரம் மரத்துப் போய்த்தான் திரிகிறேன். ஆனால் சாயங்காலம் சாவியை எடுத்தால் அவர் இடது கை நாற்காலியின் சக்கரத்துக்குப் போகிறது. இன்றைக்கு என்னை இரண்டு தடவை நிறுத்தினார். ஒரு தடவை தப்பு என்னுடையது. இன்னொரு தடவை சாலையில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் அவர் காலை எடுக்கிற வரைக்கும் நின்றேன்.

அந்த இல்லத்துக்காரர்களிடம், இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நல்லவர்களாகத் தெரிகிறார்கள், மரியாதையாகவே சொல். என்னால் எத்தனை காலம் முடியும் என்று கேட்பாய். தெரியாது. முடியாதபோது நானே உன்னைக் கூப்பிடுகிறேன், அப்போது சரிம்மா என்று வாய் சொல்லாது, நானே சொல்வேன். லீவு கிடைத்தால் பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போ. பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். முன் சீட்டைக் கேட்காதே.

நீ அங்கே பெரிய சாலைகளில் தனியாக ஓட்டுகிறாய். அப்பா சொல்ல நினைத்தால் இதைத்தான் சொல்லுவார், அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். உன் பக்கத்தில் பிரேக் இல்லை கண்ணு. பார்த்துப் போ.

உன் அம்மா,
அப்பாவும்.