மார்கழித் தாளும் பங்குனித் தாளும்

சித்திரை 9, திங்கள்
வெயில் தாளல. காலையில கடையில எட்டு டின் எண்ணெய் இறக்கியாச்சு. புனல் ஒண்ணு வாங்கணும்.

மத்தியானம் சித்தூர்ல பஸ் ஏறி திருப்பதி ஆஸ்பத்திரி. தம்பி ஏகாம்பரம் இன்னும் இளைச்சிருக்கான். இருமினா ரத்தம். டாக்டர் தனியா கூப்பிட்டு, "ஆடி தாண்டினா பெரிசும்மா" என்றார். அவனுக்குச் சொல்லல.

காலேஜ் லேப்ல கண்ணாடி கழுவுற வேலை அவனுக்கு. கழுவிக்கினே மைக்ராஸ்கோப்பும் பார்த்திருக்கான். பால் கலந்த தண்ணிச் சொட்டுல கொழுப்பு மணிங்க மூணு மூணா ஒட்டிக்கினு, சும்மாவே நடுங்கி அலையுமாம். சில கூட்டம் குச்சி மாதிரி விறைப்பு. சிலது சங்கிலி மாதிரி மடங்கி நிமிரும். மடங்குறது அதிக தூரம் போவுது என்கிறான். கூட்டம் எங்க நிக்குதுன்னு அரை நிமிஷத்துக்கு ஒரு புள்ளி, கட்டம் போட்ட தாள்ல. ஒரு கட்டு இருக்கு.

"நல்லா நகல் எடுத்துக் குடுக்கா. லெக்சரர் கட்டுரையா எழுதி மெட்ராசுக்கு அனுப்புறேன்னு சொல்லிக்கீறாரு. என் பேரும் போடுவாராம்."

அந்தப் பேருக்காகத்தான் மூச்சு விட்டுக்கினு கீறான்.

சித்திரை 11
கடையில ராஜ்யம் பிரிக்கிற எல்லைப் பேச்சுதான். "திருத்தணி அந்தப் பக்கம், சித்தூர் இங்கியேவாம். நீ எந்தப் பக்கம்மா?" "எண்ணெய் வாங்குறவங்க பக்கம்."

நகல் எடுக்க உட்கார்ந்தேன். தேதி பார்த்ததும் கட்டைப் பிரிச்சு ரெண்டா அடுக்கினேன். விறைப்புத் தாள் பூரா மார்கழி. மடங்குற தாள் பூரா பங்குனி.

மார்கழியில ஆமணக்கெண்ணெய் புனல்லியே நிக்கும். பங்குனியில ஓடும். தண்ணிக்கும் கொஞ்சமாவது அப்படித்தானே இருக்கும்? அப்போ மணி ஓடினது மடங்கினதாலயா, சூட்டாலயா?

"ஒரு டின் முடிச்சுட்டு அடுத்த டின்னைத் திற." சின்ன வயசுல கடையில நான் அவன் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது. அப்படியே செஞ்சிருக்கான், பாவி.

சித்திரை 12
சொல்லிட்டேன். கணக்குல மூடி மறைக்க எனக்கு வராது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சுவரைப் பார்த்துக்கினே, "விறைப்பையும் வெயில்லியே எடுத்துட்டா சரியாப் போச்சு. நீ போக்கா."
"எத்தினி தாள்?"
"நூறு."

சித்திரை 13
கடையைப் பூட்டியாச்சு. லேப். லெக்சரர் சிரிச்சார். "ஆயில் அம்மா, இன்னிக்கு நாளைக்கு, ரெண்டு ரோஜு பாருங்க. அப்புறம் லீவு, பூட்டிடுவோம்." லீவு முடிஞ்சா அவரும் இல்ல. மாத்தல் வாங்கிக்கினு மெட்ராஸ் பக்கம் போறார்.

சாயங்காலத்துக்குள்ள ஆறு தாள். கண் எரிச்சல். விறைப்பும் இந்தச் சூட்டுல நல்லாத்தான் ஓடுது. மடங்குறதைவிட மயிரிழை குறைவு. அது நெசமா, என் கை நடுக்கமா? ஆறு தாளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

சித்திரை 14
லேப் கதவுல பூட்டு. வாட்ச்மேன்: "சாரு நேத்து ராவே ஊருக்குப் பூட்டாரும்மா. சாவியும் அவராண்டதான்." வாசப்படியில உட்கார்ந்துட்டேன்.

ஆஸ்பத்திரியில நுழையும்போதே கேட்டான். "இன்னிக்கு எத்தினிக்கா?"

இருபது வருஷக் கடை. ஒரு வாட்டி குறைச்சு அளந்ததில்ல.

"அஞ்சு" என்றேன்.

சித்திரை 26
மழை இல்ல. புனல் வாங்கியாச்சு. லேப் பூட்டு அப்படியே; லீவுக்கும் சாவி எங்கிட்டதான்னு அவனாண்ட சொல்லி வெச்சிருக்கேன். ஏகாம்பரம் கஞ்சி ரெண்டு வாய்தான்.

"மொத்தம்?"
"நாப்பத்திரெண்டு."

விரலை மடக்கிப் பார்த்துக்கினான். "அம்பத்தெட்டுதானே பாக்கி. கண்ணைப் பாத்துக்கோக்கா."