கற்பூரத்தை முகர்ந்துகொண்டு சொன்ன பொய்

இன்று உன் வருஷ திவசம். தாம்பரத்தில் உன் வீட்டுக் கூடத்தில் உன் படத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கோபம் வந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

லடாக்கில், லே ஊரில் நீ கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாயே, அதே வாசனை. அங்கே காற்று மெலிந்திருக்கும், இதை முகர்ந்தால் மூச்சு சீராகும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு வந்தாய்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய மலையேறும் ஷூவை என் வீட்டில்தான் ஒளித்து வைத்திருந்தாய். ஞாயிறு காலை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வருவாய். சுமந்து பழக, முதுகுப் பையில் இட்லி அரிசியைப் போட்டுக்கொண்டு பல்லாவரம் மலையில் ஏறுவோம். தலைக்கு மேல் விமானம் தாழப் போகும். "ஒரு நாள் அதுல உக்காந்து பெரிய மலைக்குப் போறோம்டி" என்பாய். கடைசியில் வீட்டில் சொன்னபோது உன் மாமியார், "மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குது, மலையா?" என்றார். உன் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பையும் லே வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாய். அரிசியைவிட அதுதான் உனக்குக் கனம்.

போய் இறங்கியதும், அந்தக் காற்றுக்கு உடம்பு பழக இரண்டு நாளாவது அறையில் சும்மா கிடக்க வேண்டும். எல்லோருக்கும் லீவு குறைவு என்று சொல்லி, நம்மைக் கூட்டிப்போனவர் ஒரே நாளில் மலை ஏறக் கிளப்பிவிட்டார். அந்த ஆள்மேல் உள்ள கோபம் தனி. ஆனால் கிளம்பும்போது அவர் ஒவ்வொருவரிடமும் தலை வலிக்கிறதா என்று கேட்டார். அந்த உயரத்தில் தலைவலிதான் முதல் எச்சரிக்கை, வலித்தால் மேலே ஏறாமல் இறங்கிவிட வேண்டும். நீ கற்பூரத்தை முகர்ந்துகொண்டு, "ஒண்ணும் இல்லண்ணா" என்றாய்.

பாதி வழியில் தள்ளாடி உட்கார்ந்தபோதுதான் என்னிடம் சொன்னாய். "ராத்திரியிலேர்ந்தே வலிடி. திரும்பிப் போனா, அப்பவே சொன்னோமேன்னு சிரிப்பாங்க." உன்னைக் கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் நினைவு தப்பிவிட்டது. அப்புறம் நீ கண் திறக்கவே இல்லை.

இதற்காகவாடி உயிரை விட்டாய்? பக்கத்திலேயே நடந்துவந்த என்னிடம்கூடச் சொல்லத் தோன்றவில்லையா உனக்கு? உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

இன்று பந்தியில் உன் மாமியார், "பொம்பளைக்கு எதுக்கு மலையெல்லாம்? வீட்டோட இருந்திருந்தா உசிரோட இருந்திருப்பா" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இலையை மூடினேன்.

"மலை அவளை ஒண்ணும் பண்ணலம்மா. தலை வலிக்குதுன்னு சொல்லியிருந்தா எறங்கி வந்திருப்பா. இதோ இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பா. நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

உன் கணவர் தலை நிமிரவில்லை. அதற்கப்புறம் யாரும் சாம்பார் கேட்கவில்லை.

உன் ஷூ இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிறது. மே மாதம் அதைப் போட்டுக்கொண்டு மறுபடி லே போகிறேன். கற்பூரம் எடுத்துப்போகப் போவதில்லை. தலை வலித்தால், வலிக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் பாதியிலேயே இறங்கி ஊருக்கு வந்துவிடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

நீயும் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்டி.