ஸ்பீக்கரில் கேட்க முடியாத கேள்வி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். நீ நலமா என்று இந்த முறை மரியாதைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். கடிதம் ஆபீஸ் விலாசத்துக்கு ஏன் வந்தது என்று யோசிக்காதே. வீட்டில் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், உன்னைக் கேட்டால் மாப்பிள்ளை பதில் சொல்கிறார்.

வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனைப் பற்றியும் அவர்தான் பேசினார். "அவளே ஆசைப்படறா அத்தை, என் தங்கச்சி கல்யாணத்துக்குள்ள முடிச்சிட்டா நல்லது, இந்த மாசம் தள்ளுபடியும் இருக்கு" என்றார். வயிறு என்ன சோபா செட்டா, தள்ளுபடியில் எடுக்க? நீ ஆமாம்மா என்று மட்டும் சொன்னாய். அந்த ஆமாம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னால், "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நானே விசாரித்தேன். திட்டுவதற்குக் காரணம் தேடித்தான் போனேன். மாடியில் குடியிருக்கும் டீச்சர் இதே ஆபரேஷன் செய்துகொண்டவள். சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டாராம், தூக்கத்தில் மூச்சு முட்டுவதில்லையாம். "இப்பதான்க்கா படியில நடுவுல நிக்காம ஏறுறேன்" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, ஒரு வாய் கூடினால் வாந்தி, சத்து மாத்திரையை நடுவில் விட்டதில் கால் மரத்துத் தடுமாறினாள். அது ஆயுசுக்கும் விடக் கூடாத மாத்திரை. நான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவுக்கு வருகிற டாக்டரையும் கேட்டேன். தைத்த இடம் கசியலாம், ரத்தம் கட்டலாம், அபூர்வம்தான், ஆனால் உண்டு என்றார். உன் எடைக்கும் சர்க்கரைக்கும் இது தப்பான யோசனை இல்லையாம், கல்யாணத்துக்குள் என்கிற அவசரம்தான் தப்பாம். "போட்டோவுக்காக யாரும் வயித்துல கத்தி வெச்சுக்கக் கூடாதும்மா" என்றார்.

போட்டோ என்றதும்தான் எனக்கு உறைத்தது. உன் நாத்தனார் நிச்சயதார்த்தப் படத்தில் உன்னைக் கடைசி வரிசையில், நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். வீட்டு மூத்த மருமகள் நிற்கிற இடமா அது? உன் முட்டிக்கும் மூச்சுக்கும் என்றால் செய்துகொள். நான் லீவு போட்டு வந்து, தண்ணீரைக்கூட ஸ்பூனில் ஊட்டுகிறேன். அவர்கள் படத்துக்காக என்றால், போட்டோக்காரரை நாலடி தள்ளி நிற்கச் சொல், எல்லாரும் அடங்குவார்கள்.

நூறு வயது நல்லபடியாக இரு, நிமிர்ந்து இரு. சர்க்கரை மாத்திரையை மறக்காதே. ஆபீஸிலிருந்து ஒரு போன் போடு. செய்கிறேன் என்றாலும் சரி, மாட்டேன் என்றாலும் சரி, நீ சொல்லி நான் கேட்க வேண்டும். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா