ஏரிக்கரையில் போட்ட முள்

கார்த்திகை 7, ஞாயிறு.

வலது கை வீங்கிவிட்டது. நாளைக்குக் கம்பெனியில் சூளை பிரித்துச் சுட்ட பொம்மைகளை இறக்க வேண்டும். எப்படித் தூக்கப்போகிறேனோ.

காலையில் நானும் சலீமும் சைக்கிள்களை வேனில் ஏற்றி, வேப்பூர் தாண்டிக் கல்வராயன் மலையடிவாரம் போனோம். அங்கே ஏரிக்கரை மேலேயே சரளைப் பாதை போகிறது. ஒரு பக்கம் பள்ளமும் மலையும், ஒரு பக்கம் தண்ணீர். சலீம் முன்னால் பறந்தான். வளைவில் யாரோ வேலமுள்ளை வெட்டிப் பாதையை அடைத்திருந்தார்கள். பிரேக் பிடிப்பதற்குள் அதன்மேலேயே குப்புற விழுந்தான். கன்னம் கிழிந்து முகமெல்லாம் ரத்தம்.

கரைக்குக் கீழே ஒரு ஆள் அரிவாளோடு நின்றிருந்தான்.

"முள்ளு போட்டது நீயா?"

"ஆமாங்க, நான்தான், அங்க..."

முடிக்க விடவில்லை. வாயிலேயே குத்தினேன். விழுந்தவனை உதைத்தேன். அரிவாள் அவன் கையில்தான் இருந்தது. அதை அவன் ஓங்கவே இல்லை.

சலீம் என்னைப் பிடித்து இழுத்தான். "வுட்றா, செத்துகித்து வைக்கப் போறாரு."

அந்த ஆள் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான். "ராத்திரி மழையில கரை சரிஞ்சிடுச்சிங்க. யாரும் வுழுந்துடக் கூடாதுன்னுதான் போட்டேன்."

முள்ளைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளிப் பாதையே இல்லை. கீழே பாறைதான் கிடந்தது.

திரும்பி வந்தபோது அவன் சலீமின் கன்னத்தில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவனை இன்னொரு உதை உதைக்க வேண்டும் போல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.