அண்ணன் திறந்துவிட்ட தண்ணீர்

எதையும் பாதியில் விடப் பிடிக்காத என் அண்ணனுக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கைப்பழக்கம் போகவில்லை. இங்கே நாங்கள் அவ்வளவு நலமில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ இருந்தால் இந்நேரம் கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னத்தா, எவன்கிட்ட வம்பு வளத்த?" என்று கேட்டிருப்பாய். இந்தத் தடவை வம்பு உன்னோடுதான்.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். நம் புரோகிராம் தொழில் தெரிந்தவர்கள் சிலர் இருப்பார்கள், தெரியாதவர்கள் நிறைய இருப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே நடுநடுவே விளக்க வேண்டியிருக்கும். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று முறைக்காதே.

ஓடைப்பட்டித் தோட்டத்தில் இந்த அறுப்பு வீணாகப் போய்விட்டது, அண்ணே. திராட்சை நிறம் பிடித்து, இனிப்பு ஏறி, வியாபாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, பந்தல் முழுக்கப் பழம் வெடித்தது. கொத்தைத் தூக்கிப் பார்த்தால் பழத்துக்குப் பழம் கீறல், கீறல் எல்லாம் சாறு, சாறு எல்லாம் ஈ. மழை பெய்யவில்லை. பழுக்கிற நேரத்தில் வேருக்குத் தண்ணீர் கூடிப்போனால் அப்படி வெடிக்கும் என்பது இங்கே கொடி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நீ போன பிறகு தண்ணீர் பார்ப்பது உன் மனைவி, என் மதினிதான். அதனால் எல்லோருடைய கண்ணும் மதினி பக்கம் திரும்பியது. அப்பா அதை வாய்விட்டே சொன்னார்.

"நேத்து விட்டத மறந்துட்டு இன்னிக்கும் விட்டிருக்கா. அவளச் சொல்லிக் குத்தமில்ல, மனசு ஒரு நெலையில இல்ல. தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுருவோம். நமக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி."

மதினியை வைத்துக்கொண்டே சொன்னார். மதினி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "தோட்டம் போச்சுன்னா இந்த வீட்ல எனக்கு என்ன வேல கலா? எங்காத்தா வீட்டுக்குப் போயிர வேண்டியதுதேன்."

 மதினி மறக்கிற ஆளா? உன் செருப்பை எங்கே கழற்றிப் போட்டாய் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கும். அப்படியென்றால் தண்ணீரை இரண்டாம் தடவை திறந்தது யார்?

இங்கே நம் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோட்டார் ரூம் சுவரில் நீ மாட்டிய பெட்டிதான் தோட்டத்துக்கு முறைப்படி தண்ணீர் விடுகிறது. உள்ளே ஒரு சின்ன போர்டு, கரண்ட் போனாலும் அது அணையாமலிருக்க ஒரு லாரி பேட்டரி, செய்தி வாங்க ஒரு சிம் கார்டு. அதில் ஓடுவது லுவா என்ற கணினி மொழியில் நாம் இருவரும் எழுதிய புரோகிராம். என் பாதி ஈவென்ட் பாதி. வெளியே ஒன்று நடந்தால் அதற்கு ஒரு பதில்: கரண்ட் வந்தால் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான சில வரிகள், ஓடும், போனால் வேறொன்று, நேரம் முடிந்தால் இன்னொன்று, எஸ்.எம்.எஸ். வந்தால் மற்றொன்று. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துவிட்டு ஓய்ந்துவிடும்.

உனக்கு அது பிடிக்கவே இல்லை. "இது புரோகிராமா, செதறு தேங்காயா? தண்ணி விடுறது ஒரே வேலை. அதை எங்கன தொடங்கி எங்கன முடிக்கிறன்னு பொறுக்கிப் பொறுக்கில்ல வாசிக்க வேண்டியிருக்கு!" என்று உத்தமபாளையத்துக் கடைவீதிக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். உனக்கு எல்லாம் மேலிருந்து கீழே வரிசையாகப் போக வேண்டும். முதல் வால்வைத் திற, காத்திரு, மூடு, அடுத்ததைத் திற. அதற்காகத்தான் கோரூட்டினைப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

கோரூட்டின் என்றால் பாதியில் நிற்கத் தெரிந்த ஃபங்ஷன். நிற்கும்போது கையில் இருந்ததை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கும். திரும்பக் கூப்பிட்டால் நின்ற வரியிலிருந்தே தொடரும். கடைக்கு வந்த ஒருவருக்கு நீ விளக்கியது நினைவிருக்கிறது. மற்ற ஃபங்ஷன் வேலை முடிந்ததும் சொல்லாமல் போய்விடும், இது நம் ஊர்க்காரனைப் போல வாசலில் நின்று "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகும் என்றாய். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன் பாதியையும் என் பாதியையும் ஒட்டவைக்க நாம் போட்ட சண்டை கொஞ்சமா? கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்ட் போனால் உன் வேலை, அதாவது அந்தக் கோரூட்டின், வால்வை மூடிவிட்டு, 'மூன்று பேஸ் வரும்வரை காத்திருக்கிறேன்' என்று நின்றுவிடும். யார் எதற்காக நிற்கிறார்கள் என்பதை என் பாதி நினைவில் வைத்திருந்து, மூன்று பேஸ் கரண்ட் வந்ததும் அந்த வேலையைத் தட்டி எழுப்பும். முதல்முறை அது சரியாக ஓடியபோது நான்கூட அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். நீ அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

நீ போன பிறகு அந்த அழகு வேறு விதமாகிவிட்டது. வால்வு தானாகத் திறந்து குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் மதினி, "அவுக வந்துட்டாக. தண்ணி தெறந்து விட்டுட்டாக" என்பார். முதலில் கேட்டபோது மோட்டார் ரூம் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு எனக்கும் பழகிவிட்டது. ஓடுவது நீ எழுதிய வரிதானே, அதில் பொய் எங்கே இருக்கிறது?

ஆனால் அப்பா பேசிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மதினியோடு தோட்டத்துக்குப் போய் பந்தலுக்குள் நின்று கேட்டேன்.

"பழம் வெடிக்கிறதுக்கு முன்னாடி மோட்டாரக் கையால ஓட்டினீங்களா மதினி?"

"ஓட்டுனேன். பாதித் தண்ணியில கரண்டு போயிருச்சு. பெறகு ரெண்டு பேஸுதேன் வந்துச்சு. கண்டன்சரப் போட்டு ஓட்டி, மிச்ச வால்வக் கையால திருகி விட்டுப் பாச்சி முடிச்சேன். எல்லாரும் செய்யிறதுதான?"

எல்லோரும் செய்வதுதான். தோட்டத்து மோட்டாருக்கு மூன்று பேஸ் வேண்டும். அது இங்கே முறை வைத்துத்தான் வருகிறது. மற்ற நேரத்தில் இரண்டு பேஸை வைத்துக்கொண்டு கண்டன்சர் மாட்டி ஓட்டிவிடுவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. நீயும் அப்படித்தான் ஓட்டினாய். ஆனால் கையால் திருகினால் பெட்டிக்குச் செய்தி போகாது. உன் வேலையைப் பொறுத்தவரை மூன்று பேஸ் இன்னும் வரவில்லை, பாதித் தண்ணீர் பாக்கி. மறுநாள் காலையில் மூன்று பேஸ் வந்தது, என் பாதி தட்டி எழுப்பியது. நடுவில் ஒரு நாள் போனதே தெரியாமல் உன் வேலை எழுந்து, மிச்சத் தண்ணீரை மறுபடியும் விட்டுவிட்டது.

அப்படியானால் நீ இருந்தபோது ஏன் இது நடக்கவில்லை? அதை யோசிக்கும்போதுதான் நீ மோட்டார் ரூம் வாசலில் நின்று போனைத் தட்டுவது ஞாபகத்துக்கு வந்தது. மோட்டாரைக் கையால் ஓட்டி முடித்ததும் தட்டுவாய். சேக்காளிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறாய் என்று கேலி செய்திருக்கிறேன். பெட்டிக்கு 'ஸ்டாப்' அனுப்பி, காத்திருந்த வேலையை நீயே நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாய். புரோகிராமில் இருக்க வேண்டியது உன் பழக்கத்தில் இருந்தது. நீ போனாய், பழக்கமும் போய்விட்டது.

ஏன் அண்ணே, ஒரு வார்த்தை மதினியிடம் சொல்லியிருக்கக் கூடாதா? வெறும் காய்ச்சல்தான், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று தேனிக்குப் பஸ் ஏறி, உயிரோடு திரும்பாதவனுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? உன்மேல் கோபப்படலாமா, கூடாதா? தெரியவில்லை. ஆனால் கோபமாகத்தான் இருக்கிறது.

சொன்னால் பழி உன்மேல் விழும். சொல்லாவிட்டால் மதினிமேல் இருக்கும். நீ வந்து வழக்காட முடியாது. மதினி வாய் திறக்கப்போவதில்லை. குத்தகைக்காரர் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது சொல்லிவிட்டேன்.

"அப்பா, மதினிமேல தப்பு இல்ல. அண்ணே எழுதுனதுலதேன் தப்பு."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. "போனவன் வந்து பதில் சொல்ல மாட்டான்னு அவன் தலையில கட்டுறியாக்கும்? ஒங்கூடப் பொறந்தவந்தான அவன்?"

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கடையில் இருந்த இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தேன். வால்வுக்குப் பதில் வரிசையாகச் சின்ன பல்புகள் கட்டியிருந்தேன். ஓடவிட்டேன். பாதியில், கரண்ட் போனதாகப் பெட்டியை நம்பவைத்தேன். எரிந்த பல்பு அணைந்தது. "இப்ப மதினி மிச்சத்தக் கையால பாச்சி முடிச்சுட்டாக. மறுநாள் காலையில மூணு பேஸ் வருது" என்று சொல்லி சுவிட்சைத் தட்டினேன். மிச்ச பல்புகள் ஒன்று மாற்றி ஒன்றாக எரிந்தன.

கடைசி பல்பு அணையும்வரை அப்பா வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "அவன் சின்னதுலயே இப்பிடித்தேன். பாதியில விட்டத முடிக்காமச் சோறு திங்க மாட்டான்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் மதினி பேசினார். நின்றுகொண்டே, அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"எனக்குத் தெரியும் மாமா. அன்னிக்குக் காலையில நான் அங்கனதேன் நின்னேன். வால்வு தெறந்துச்சு, தண்ணி ஓடுச்சு. சுவிட்சு கைக்கு எட்டுற தூரம். பழுக்கிற நேரம், இந்தத் தண்ணி ஆகாதுன்னும் தெரியும். ஆனா அவுக தெறந்து விட்டத நான் எப்பிடி அடைக்க? பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

 பழி தன்மேல் விழுந்தபோதும் மதினி ஏன் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் காட்டிக்கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

மதினி என் பக்கம் திரும்பினார். "கலா, இனிமே அவுகளாத் தெறக்க வேணாம். என்னயக் கேட்டுட்டுத் தெறக்கச் சொல்லு."

மாற்றிவிட்டேன் அண்ணே. நீ எழுதியதில் ஒரு வரியையும் அழிக்கவில்லை. மூன்று பேஸ் வந்து எழுந்த பிறகு, அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு காத்திருப்பைச் செருகியிருக்கிறேன். உன் வேலை எழுந்ததும் மதினியின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு மறுபடி நிற்கும். மதினியின் பதில் வருவதும் என் பாதியில் ஒரு ஈவென்ட்தான். அது வந்தால்தான் நகரும். எழுந்ததும் முதலில் சுற்றிலும் பார்க்க வேண்டும் என்பது நம் இரண்டு பேருக்குமே தோன்றாமல் போயிற்று.

கொடியை வெட்டிவிடும் அடுத்த கவாத்து வரைக்கும் பொறுத்திருக்கும்படி குத்தகைக்காரருக்கு அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன்பிறகு என்ன முடிவெடுப்பார் என்று தெரியாது. என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மதினி பேசுகிறார், சிரிக்கவும் செய்கிறார், ஆனால் 'அவுக வந்துட்டாக' என்று சொல்வதை நிறுத்திவிட்டார். உன்னை அவரிடமிருந்து இரண்டாம் தடவையும் பிரித்துவிட்டேனோ? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்று காலையில் தோட்டத்தில் இருந்தோம். நேற்றும் தண்ணீர் பாதியில் நின்று, மதினி கண்டன்சர் போட்டுப் பாய்ச்சி முடித்திருந்தார். மூன்று பேஸ் வந்தது. மதினியின் போன் ஒலித்தது. 'மிச்சத் தண்ணீர் விடலாமா?' என்று கேட்டிருந்தாய். ஆம், நீதான் கேட்டாய். எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது. மதினி அதைப் படித்தார், திரும்பவும் படித்தார். குனிந்து கொடியடி மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஆங்கில எழுத்தில் 'வேண்டாம்' என்று தட்டி அனுப்பினார்.

வால்வு திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மதினி வேண்டாம் என்று சொன்ன எதையும் நீ செய்யாமல் இருந்ததில்லை. இன்று கேட்டுக்கொண்டாய். மதினி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அழுதபடியே அடுத்த வரிசைக் கொடியைப் பார்க்கப் போனார்.

நாம் பெட்டி மாட்டிய மற்ற தோட்டங்களுக்கும் நாளையிலிருந்து போகிறேன். அங்கேயும் இதே மாற்றத்தைச் செய்துவிடுவேன். அப்பா மறுபடியும் குத்தகைப் பேச்சை எடுத்தால் நான் நடுக்கூடத்தில் நிற்பேன். மதினி சம்மதிக்காமல் அந்தத் தோட்டம் கைமாறாது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

மதினி பக்கம் நிற்கும் உன் தங்கை,
கலா