பொன்னாடைக்கு அடிபட்டவர்கள்

பிராண்டே, டென்மார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சாருஜனுக்கு,

நானும் அம்மாவும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் சாரங்காவும் பேத்தி கயலும் ரொறன்ரோக் குளிரில் ஒரு தடிமன்கூட வராமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இது அம்மாவின் எழுத்து இல்லையே என்று திகைத்திருப்பாய். தம்பி, இது என் கை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் துவாரகா ரீச்சரிடம் சின்னப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் இருந்து படித்தேன், எனக்கு 'ழ' எழுத வந்த அன்று வகுப்பே கைதட்டியது. மெதுவாகத்தான் வருகிறது, ஒரு பக்கம் முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது, ஆனால் எனக்கிருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடமும் நான் சொல்லச் சொல்ல அம்மாதானே உனக்கு எழுதினாள். நான் ஏசினால் அதை விட்டுவிட்டு அப்பா உன்னை மிகவும் விசாரித்தார் என்று எழுதுவாளாம், போன மாதம்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள். இனி உனக்கு அந்தச் சீனி கிடையாது.

எழுதப் பழகியவன் வாசிக்கவும் பழகிவிட்டேன். அம்மாவின் போனில் பேஸ்புக்கைத் திறந்து முதன்முதலாக நானே எழுத்துக் கூட்டி வாசித்தது நீ எழுதியதைத்தான். எங்கள் கலைவிழாவில் நடந்த அடிபாட்டு வீடியோவின் கீழே, இப்படியான காடையர்களை உடனே நாடுகடத்த வேண்டும், இவர்களால்தான் தமிழரின் மானம் போகிறது என்று எழுதியிருந்தாய். என் பிள்ளையின் எழுத்தை நானே வாசிக்கிறேன் என்று தொடங்கும்போது நெஞ்சு நிறைந்தது, முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு பாதி வீடியோவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற நீதவானையா நான் பெற்றேன். மிச்சப் பாதியை நான் சொல்கிறேன், நான் முன்வரிசையில் இருந்தவன்.

எங்கள் விழாவில் பிள்ளைகளின் நடனத்தைவிடப் பெரியவர்களைக் கௌரவிப்பதற்குத்தான் அதிக நேரம் போகும் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை கொமூன் என்கிற நகரசபையில் இருந்து நகரபிதாவையும் அழைத்து முன்னால் இருத்தியிருந்தார்கள். கௌரவிக்க இருபது பேர், வாங்கிய பொன்னாடையோ மூன்றுதான். ஒருவருக்குப் போர்த்திப் படம் எடுத்து, அவர் திரைக்குப் பின்னால் போனதும் கழற்றி மடித்துத் தட்டில் வைத்து அடுத்தவருக்குப் போர்த்துவது. இது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. உன் மாமனார் மகேந்திரராசாவின் முறை வந்தது. அவருக்கும் விழாத் தலைவர் ஞானசேகரத்துக்கும் போன வருடத்துச் சங்கத் தேர்தலில் இருந்து முகம் பார்க்கிற வழக்கம் இல்லை. ஞானசேகரத்தின் தோளில் இருந்து சற்று முன் கழற்றிய அதே பொன்னாடையைத்தான் இவருக்குப் போர்த்தினார்கள். ஓரத்தில் ஞானசேகரத்தின் கழுத்துச் சந்தனம் அப்பியிருந்ததை இவர் கண்டுவிட்டார். "உவன்ரை வேர்வைச் சீலையையோ எனக்குப் போத்தினனியள்?" என்று திரைக்குப் பின்னால் சத்தம். சரி, வேர்வைச் சீலை என்றால் கழற்றி எறிய வேண்டியதுதானே. அதுவும் மாட்டாராம். "எனக்குப் போத்தினது எனக்குத்தான், விடடா கையை" என்று ஒரு முனையை இவர் பிடிக்க, மறு முனையைத் தலைவர் பிடிக்க, இழுத்த இழுப்பில் திரை அறுந்து விழுந்தது. மண்டபம் முழுவதும் பார்க்க, பேரன் பேத்தி கண்ட இரண்டு பேர் ஒரு சால்வைக்கு இழுபறி. நகரபிதா அதை ஒரு நாட்டுக்கூத்து என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கினார். நான் என்ன செய்வது, எங்கே பார்ப்பது?

பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் மேடையில் ஏறினார்கள். உன் மாமனார் ஒரு இரும்புக் கதிரையைத் தூக்கி ஞானசேகரத்தை நோக்கி எறிந்தார். அது அவருக்குப் படவில்லை, சண்டையை நிறுத்த ஓடிவந்த மண்டபக் காவலாளியான அந்த டேனிஷ் மனிதரின் நெற்றியைப் பிளந்தது. அவர் விழுந்தார், கதிரை அவர் மேலே விழுந்தது. ஜெனுஷனை உனக்குத் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன் அகதியாக வந்து இங்கே காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிற பொடியன், எந்த விழாவிலும் கதிரை அடுக்குவதும் கூட்டுவதும் அவன்தான். அவன் பாய்ந்துபோய் அந்தக் கதிரையைத் தூக்கினான். யாரோ ஒரு புண்ணியவான் படம் எடுக்கத் தொடங்கியது சரியாக அந்த இடத்தில். கீழே இரத்தத்தோடு ஒரு வெள்ளைக்காரர், மேலே கதிரையை ஓங்கியபடி ஒரு கறுத்தப் பொடியன். இதைத்தான் நீ பார்த்தாய். பொலிஸ் வரும் சத்தம் கேட்டதும் எங்கள் சமூகத் தூண்கள் எல்லாம் காரில் ஏறிப் பறந்துவிட்டன. துவாயால் காயத்தை அமத்திக்கொண்டு முழங்காலில் இருந்தவன் அவன் ஒருவன்தான், அதனால் அவனையே கொண்டுபோனார்கள். நகரபிதாவை அதற்கு முன்பே வெளியே கூட்டிப்போயிருந்தார்கள், காவலாளிக்கோ கதிரை எங்கிருந்து வந்தது என்றே தெரியாதாம்.

கோடையில் வேறு ஒரு நாட்டுக்காரரின் விழாவில் அடிபாடு என்று தொலைக்காட்சியில் காட்டியபோது உன் மாமனார் எங்கள் சோபாவில் இருந்து, "உவங்கள் எல்லாரையும் ஒரே பிளேனிலை ஏத்தி அனுப்ப வேணும் அண்ணை, நாடு குடுத்த சோத்தைத் திண்டிட்டு ஆட்டம்" என்றார். வேறொருவரின் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கிய மனிதர் அவர். இன்று கையில் டேனிஷ் பாஸ்போர்ட் இருப்பதால் பழசெல்லாம் மறந்து போயிற்று. இப்போது எறிந்தவர் தாம்தான் என்று ஒப்புக்கொண்டாலும் தண்டனையோடு முடியும், அவரை ஒருவரும் எங்கேயும் அனுப்பப் போவதில்லை என்று ஜெனுஷனின் சட்டத்தரணி சொல்கிறார். ஜெனுஷனிடம் இருப்பது விசா மட்டும். தண்டனையோடு அவனை நாடுகடத்தவும் அரச தரப்பில் கேட்கிறார்கள். அங்கே ஊரில் விமான நிலையத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போக யார் காத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

இதில் அதிசயம் என்னவென்றால் ஞானசேகரமும் மகேந்திரராசாவும் இப்போது சிநேகிதர்கள். போன கிழமை ஞானசேகரம் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிடுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "புதுசா வந்த பொடியன் ஒருத்தன் செய்த குழப்படி எண்டு விட்டால் சமூகத்துக்கு நல்லது, எங்கடை பிள்ளையளின்ரை எதிர்காலத்தையும் பாக்க வேணும்" என்று ஞானசேகரம் பிரசங்கம். உன் மாமனார் என் கையைப் பிடித்து, "அண்ணை, உங்களுக்கும் வயசு போட்டுது, கண்ணும் மங்கல், நீங்கள் ஒண்டும் வடிவாக் கண்டிருக்க மாட்டியள்" என்றார். "இந்தக் கண்ணாலைதான் இப்ப பேப்பர் வாசிக்கிறன், கதிரை தெரியாதோ?" என்று கேட்டேன். ரோல்ஸைத் தொடாமல் வந்துவிட்டேன். அம்மாவுக்கு அதில் மட்டும் கவலை, ரோல்ஸ் நல்லதாம்.

சாரங்கா எனக்குப் போன் எடுத்து, "மாமா, அப்பாவைக் காட்டிக் குடுக்காதேங்கோ, அவருக்குப் பிரஷர்" என்று அழுதாள். அவளை நீ ஒரு வார்த்தையும் ஏசக் கூடாது, தகப்பனுக்காகப் பிள்ளை அழுவது நியாயம். ஆனால் வழக்கு வரும்வரை வெளியே விட்டிருக்கிற ஜெனுஷனும் வீட்டுக்கு வந்தான். "ஐயா, நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம், என்னாலை உங்கடை குடும்பத்துக்கை சண்டை வரக் கூடாது" என்றான். யாரை நாடுகடத்த வேண்டும் என்று நீ எழுதினாயோ அவன் சொன்ன வார்த்தை இது. மானத்தைப் பற்றி எழுதிய உன்னை நினைத்து அப்போது எனக்குக் கூசியது.

சாட்சியாக என் பெயரைச் சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டேன். வழக்கு வருகிற வியாழக்கிழமை. தபாலில் போட்டால் பிந்திவிடும் என்பதால் அம்மா இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து இன்றே உனக்கு அனுப்புவாள். பேஸ்புக்கில் எழுதியதை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே, அதை எத்தனையோ பேர் வாசித்துவிட்டார்கள், கதிரையை எறிந்தது யார் என்பதையும் அதே இடத்தில் எழுது. முதலில் உன் மாமனாருடன் கதை. அவர் தாமாகவே போய் உண்மையைச் சொன்னால் நான் அவர் பக்கத்தில் இருப்பேன், எங்கள் சம்பந்தத்தில் ஒரு கீறலும் விழாது. சொல்லாவிட்டால் நான் சொல்வேன், அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறுவதும் ஏறாததும் அவர் விருப்பம்.

கயலுக்கு என் முத்தங்கள், அவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ என் ஆசீர்வாதம். மாமனாரிடம் மறக்காமல் சொல், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வீட்டு வாசலில் நிற்பேன், அவர் காரைக் கொண்டுவந்தால் இருவரும் ஒன்றாகவே போகலாம். எட்டேகாலுக்கு ஒரு பஸ்ஸும் இருக்கிறது.

உன்னைப் பெற்ற அப்பா,
க. அருளம்பலம்