திரையில் வந்த படகு

மே 6, 2024 – திங்கள்
நண்டுக் கம்பெனியில் சதை பிரித்த வாடை இன்னும் கையில் இருக்கிறது. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன். திருவிழா நாடகத்தை முடித்துவிட்டேன். கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் கரையில் நிற்கிற ஆரோக்கியம் என்கிறவளின் கதை. கடைசிக் காட்சியில் அவளுக்கு வசனமே கிடையாது. தூரத்தில் ஒரு படகைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொண்டால் என்ன, வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

மே 11
விழாக் கமிட்டிச் செயலாளர் இமானுவேல் அண்ணன் நாடகத்தைப் படிக்கவே இல்லை. பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இம்புட்டுப் பேச்ச யாரு கேப்பா ரெஜினா? பக்கத்து ஊர்ல எல்.இ.டி. ஸ்கிரீன் வச்சு அசத்திட்டாய்ங்க. நமக்கும் சொல்லியாச்சு. மேடைக்குப் புகை மெசினு வேற வருது" என்றார்.
புகை எதற்கு? கடலில் அடுப்பா எரிகிறது? அவரிடம் கேட்காததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 14
ஆரோக்கியமாக நடிக்கிற லீமாரோஸுக்கு ஜிகினாச் சேலையாம். புருஷனைக் காணாதவளுக்கு!

மே 18
ஒத்திகை. வேடிக்கை பார்க்க ஐம்பது அறுபது ஆண்கள். கடைசிக் காட்சியில் லீமாரோஸ் நெற்றியில் கை வைத்துப் பார்க்க, அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் படகு வந்தது. இணையத்தில் எங்கோ எடுத்த படம். கூட்டத்திலிருந்து ஒரு குரல்:
"ஏலே, இது கேரளாப் படகாச்சே. ஆரோக்கியம் புருசன் கொச்சிக்குல்ல ஓடிட்டான்."
அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. லீமாரோஸ் அழுதுகொண்டே இறங்கினாள். ரெண்டு மாசமா எழுதுனது, ஒரு நிமிசத்துல சிரிப்பாப் போச்சே.
"வேற படகு போடுவோம்" என்றார் அண்ணன்.
"எந்தப் படகும் வேணாம்ணே. கடைசிக் காட்சிக்கு ஸ்கிரீன அணைங்க. லீமா பாத்துக்குவா."
"சனம் எந்திரிச்சுப் போயிட்டா?"
"போயிட்டா இனிமே நான் எழுதல."
அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, அணைச்சுப் பாப்போம்" என்றார்.

மே 19
சர்ச்சில் ஞாயிறு பூசையில் சாமியார் என்ன பேசினார் என்றே தெரியாது. இனிமே எழுதல – எதுக்குடி அப்படிச் சொன்ன?

மே 26 – ஞாயிறு
நேற்றுச் சாயங்காலம் நாடகம். முதல் காட்சிகளில் திரை ஓடியது, புகையும் வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசிக் காட்சிக்குத் திரை அணைந்தது. வெறும் மேடை. லீமாரோஸ் வேலைக்கு உடுத்துகிற பழைய சேலையில் வந்து நின்றாள். சனத்தின் தலைக்கு மேலே, அவர்களுக்குப் பின்னால் இருக்கிற கடலைப் பார்த்தாள். ஓரடி முன்னால் வைத்தாள். முகம் மெல்ல மாறியது.
முன்வரிசையில் ஒருவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார். பிறகு மொத்தச் சனமும். எல்லாரும் கடலிலேயே கிடந்தவர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு விசைப்படகும் வராது என்று தெரிந்தவர்கள். மேடையோரம் நின்ற இமானுவேல் அண்ணன்கூட எக்கிப் பார்த்தார்.
நான் மட்டும் பார்க்கவில்லை. அங்கே படகு இல்லை என்று எனக்குத் தெரியும். எழுதினவள் நான்.